வாக்காளர் பட்டியல் முதல் கிராம சபை வரை: புதிய குடிமக்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் பதினெட்டு வயதை எட்டி அரசியலில் அக்கறை கொள்ளத் தொடங்குபவர்கள் வழக்கமாகக் கேட்பது, எதைப் படித்தால் அரசியல் புரியும் என்பதுதான். அரசமைப்புச் சட்டத்தை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கி, குடியுரிமை பற்றிய பகுதியைத் தாண்டுவதற்குள் மூடி வைத்தவர்கள் பலரை அறிவேன். அவர்களில் நானும் ஒருவன். அதைவிடப் பலன் தரும் வழி, உங்கள் கண்ணெதிரே இருக்கும் ஒரே ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு, அது எந்த அலுவலகத்தில், யாருடைய மேசையில், என்ன காரணத்தால் நிற்கிறது என்பதைக் கடைசி வரை தேடிச் செல்வது. சட்டமும் நிர்வாகமும் கட்சி அரசியலும் அந்த வழியிலேயே ஒவ்வொன்றாக எதிர்ப்படும். தேவைப்பட்டு வாசித்த சட்டப்பிரிவு எளிதில் மறப்பதுமில்லை. இந்தக் கட்டுரையில் எடுத்துக்காட்டாக, ஒரு கிராமப் பள்ளியின் வாசலில் தேங்கும் கழிவுநீரை வைத்துக்கொள்கிறேன். உங்கள் பிரச்சினை வேறாக இருக்கலாம். நடைமுறை ஏறத்தாழ இதுவேதான்.

முதலில், பட்டியலில் பெயர்

வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18ஆகக் குறைந்தது அரசமைப்பின் 61ஆவது திருத்தத்தால். அது 1989இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் வயது நிறைந்துவிட்டால் மட்டும் யாரும் வாக்காளர் ஆகிவிடுவதில்லை. படிவம் 6ஐ நிரப்பி நீங்களே விண்ணப்பிக்க வேண்டும். முன்பு ஜனவரி 1 ஒன்றே தகுதி நாளாக இருந்தது. 2022 முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு தகுதி நாட்கள் உள்ளன. பதினேழு வயது நிறைந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்து வைக்கலாம். தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்திலோ, உங்கள் பகுதிக்கான வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ, அதாவது ஊரில் எல்லாரும் பி.எல்.ஓ. என்று அழைப்பவரிடமோ, படிவத்தைத் தரலாம். முகவரி மாற்றத்துக்கும் பிழை திருத்தத்துக்கும் படிவம் 8. ஒரு பெயரை நீக்கக் கோரவோ, சேர்ப்பதற்கு ஆட்சேபம் தெரிவிக்கவோ படிவம் 7. சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணை அழைக்கலாம்.

இங்கே புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, அட்டை கிடைத்தவுடன் வேலை முடிந்துவிட்டதாக நினைப்பது. வாக்காளர் அடையாள அட்டை கையில் இருந்தும் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் வாக்களிக்க முடியாது. பட்டியலில் பெயர் இருந்து அட்டை தொலைந்துவிட்டால், ஆணையம் ஏற்கும் வேறொரு அடையாள ஆவணத்தைக் காட்டி வாக்களிக்கலாம். ஆகவே கவனிக்க வேண்டியது பட்டியலைத்தான். தமிழ்நாட்டில் 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது, பல ஆண்டுகளாக வாக்களித்து வந்தவர்களும் புதிதாகக் கணக்கெடுப்புப் படிவம் நிரப்பித் தர வேண்டியிருந்ததை நினைவில் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வரைவுப் பட்டியல் வெளியாகும்போதும் உங்கள் பெயரையும் வீட்டில் உள்ளவர்களின் பெயர்களையும் பாகம் எண், வரிசை எண்ணோடு சரிபார்ப்பது ஏன் அவசியம் என்பது விளங்கும். படிப்புக்காக வெளியூர் சென்றவர்கள் இரண்டு இடங்களிலும் பெயரை வைத்துக்கொள்ளக் கூடாது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை, அதற்காகப் பொய்யான உறுதிமொழி தருவது தண்டனைக்குரிய குற்றம்.

வாக்குச்சாவடியில் உங்கள் பெயரில் வேறொருவர் ஏற்கெனவே வாக்களித்திருந்தால், அமைதியாக வீடு திரும்பிவிட வேண்டாம். தலைமை அலுவலரிடம் உங்கள் அடையாளத்தை நிரூபித்து, ஆய்வுக்குரிய வாக்கைச் சீட்டில் பதிவு செய்யும் உரிமை தேர்தல் நடத்தை விதிகளின் 49பி (49P) பிரிவில் உள்ளது. இத்தகைய வாக்குகள் இத்தனை சதவீதத்தைத் தாண்டினால் அந்தச் சாவடியில் தானாகவே மறுவாக்குப்பதிவு நடக்கும் என்று தேர்தலுக்குத் தேர்தல் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும். அப்படி எந்த விதியும் கிடையாது. 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்த நோட்டாவைப் பற்றியும் இதே போன்ற மயக்கம் உண்டு. சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் நோட்டா முதலிடம் பெற்றாலும், வேட்பாளர்களில் அதிக வாக்கு வாங்கியவரே வெற்றி பெறுவார்.

யாரிடம் கேட்க வேண்டும்?

கழிவுநீர் தேங்குவதற்காகச் சட்டமன்ற உறுப்பினரைத் திட்டித் தீர்ப்பவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். அந்தக் கால்வாய் ஊராட்சியின் பொறுப்பில் இருக்கலாம். அது ஓரமாகச் செல்லும் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருந்தால் கால்வாயும் அந்தத் துறையுடையதாக இருக்கலாம். நீர் சென்று சேர வேண்டிய ஏரியின் ஆயக்கட்டு, அதாவது அதன் பாசனப் பரப்பு, 100 ஏக்கருக்கு மேற்பட்டதென்றால் அது நீர்வளத் துறையின் கையில், குறைவென்றால் ஊராட்சி ஒன்றியத்தின் கையில் இருப்பதே தமிழ்நாட்டின் பொதுவான ஏற்பாடு. இடையில் யாராவது ஆக்கிரமித்திருந்தால் வருவாய்த் துறையின் நில அளவையர் வர வேண்டும். ஒரே நீர், நான்கு அலுவலகங்கள். ஆகவே மனு எழுதும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்த இடம் யாருடையது என்பதை உறுதி செய்வது. கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைக் கேட்டறிந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

இதோடு உங்களுக்கான பிரதிநிதிகள் யார் யார் என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கிராமத்தில் வசிப்பவர் ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சி மன்றத் தலைவர், ஊராட்சி ஒன்றிய வார்டு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினர் என நான்கு பேருக்கு வாக்களிக்கிறார். அவர்களுக்கு மேலே சட்டமன்றத்தின் 234 பேரில் ஒருவரும், தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குச் செல்லும் 39 பேரில் ஒருவரும் அவருக்கு உண்டு. கடைசி இரண்டு பெயர்கள் எல்லாருக்கும் தெரியும். ஒன்றிய வார்டு உறுப்பினரின் பெயரைச் சட்டென்று சொல்பவர் அரிது, ஆனால் நம் கால்வாய்க்கு அவர்தான் நெருக்கமானவர்.

மாநில அரசு, ஒன்றிய (இந்திய) அரசு என்ற அதிகாரப் பிரிவினையையும் அறிந்திருப்பது நல்லது. காவல், நிலம், உள்ளாட்சி ஆகியவை மாநிலப் பட்டியலில் உள்ளன. ரயில்வேயும் பாதுகாப்பும் ஒன்றியப் பட்டியலில் உள்ளன. கல்வி 1976இன் 42ஆவது திருத்தத்தால் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. மருத்துவ நுழைவுத் தேர்வு பற்றிய விவாதம் ஏன் சென்னைக்கும் டெல்லிக்கும் இடையே அலைகிறது என்பதற்கு இந்த மாற்றமும் ஒரு காரணம்.

செய்தியை வாசிக்கும் முறை

பல நாளிதழ்களை வாசியுங்கள், கட்சிச் சார்பை அறிந்து வாசியுங்கள் என்ற அறிவுரை எல்லாரும் தருவது, அது சரியானதும்கூட. நான் கூடுதலாகச் சொல்ல விரும்புவது, ஒவ்வொரு செய்தியிலும் விஷயம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்ப்பதைத்தான். "ரூ.5 கோடியில் கால்வாய்ப் பணி" என்று தலைப்பு வந்தால், அது சட்டமன்றத்தில் வந்த அறிவிப்பா, அரசாணை வெளியாகிவிட்டதா, நிதி ஒதுக்கப்பட்டதா, ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டதா, பணி ஆணை வழங்கப்பட்டதா என்று கேளுங்கள். இவை ஐந்தும் வெவ்வேறு நிலைகள், ஒவ்வொன்றுக்கும் இடையே மாதங்கள் ஓடலாம். பேரவை விதி 110இன் கீழ் படிக்கப்படும் அறிக்கைமீது அவையில் விவாதமே கிடையாது. அது ஒரு அறிவிப்பு என்ற அளவில் மட்டுமே எடுத்துக்கொள்ளத்தக்கது. அதற்கான அரசாணை எண்ணைப் பார்த்தபிறகு மகிழ்வது பாதுகாப்பானது.

புதியவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் ஆவணம் ஒன்றே ஒன்று. துறைகளுக்கு நிதி ஒதுக்கக் கோரும் மானியக் கோரிக்கை விவாதத்தின்போது ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு அது. தமிழிலேயே வெளியாகிறது, தமிழக அரசின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஊரக வளர்ச்சித் துறையின் குறிப்பை ஒருமுறை புரட்டினால் எந்தத் திட்டத்துக்கு யார் பணம் தருகிறார்கள், ஒன்றிய அரசின் பங்கு எவ்வளவு, மாநிலத்தின் பங்கு எவ்வளவு என்பது தெரிந்துவிடும். தன் துறையைத் தானே பாராட்டிக்கொள்ளும் நடையில்தான் அது எழுதப்பட்டிருக்கும் என்பதை மறக்கக் கூடாது. பாராட்டைத் தள்ளிவிட்டு அட்டவணைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையை அதன் பக்கத்தில் வைத்து வாசித்தால் படம் முழுமையாகும்.

வேட்பாளரின் உறுதிமொழிப் பத்திரம்

தேர்தல் காலத்தில் மேடைப் பேச்சைவிட எனக்குப் பயன்பட்டது படிவம் 26 என்னும் உறுதிமொழிப் பத்திரம். உச்ச நீதிமன்றம் 2002இலும் 2003இலும் அளித்த தீர்ப்புகளின் விளைவாக, சட்டமன்ற, நாடாளுமன்ற வேட்பாளர் ஒவ்வொருவரும் தம் மீதுள்ள வழக்குகள், சொத்து, கடன், கல்வித் தகுதி ஆகியவற்றை இதில் சத்தியம் செய்து தர வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் எவரும் இதைப் பதிவிறக்கலாம்.

இதை வாசிப்பதற்கு ஒரு முறை உண்டு. வழக்குகள் பகுதியில் எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். அனுமதியின்றிக் கூடியதற்காகப் போடப்பட்ட பத்து வழக்குகளும், மோசடிக்காகப் போடப்பட்ட ஒரே வழக்கும் ஒன்றல்ல. எந்தச் சட்டப்பிரிவு, நீதிமன்றம் முறைப்படி குற்றச்சாட்டு வனைந்ததா (பதிவு செய்ததா), தண்டனை விதிக்கப்பட்டதா என்பதைப் பாருங்கள். சொத்துப் பகுதியில் வேட்பாளர், வாழ்க்கைத் துணை, சார்ந்திருப்போர் என்று தனித்தனிப் பத்திகள் இருக்கும். பல சமயம் சுவையான விவரம் இரண்டாவது பத்தியில்தான் இருக்கும். வருமான வரிக் கணக்கில் காட்டிய ஐந்தாண்டு வருமானத்தையும், சொத்தின் மதிப்பையும், வருமானத்துக்கான வழி என்று எழுதியிருப்பதையும் ஒன்றோடொன்று பொருத்திப் பாருங்கள். ஏற்கெனவே போட்டியிட்டவரென்றால் சென்ற தேர்தலின் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பகுதியையும் வெற்றாக விடக் கூடாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. பொருந்தாத இடத்தில் "இல்லை" என்றாவது எழுத வேண்டும்.

மனு

ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. நாள், இடம், அடையாளம், எத்தனை நாளாக, யாருக்குப் பாதிப்பு, என்ன செய்யக் கோருகிறீர்கள் என்பன ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். புகைப்படம் இருந்தால் இணையுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைகளில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் நேரில் தரலாம், முதலமைச்சரின் உதவி மையத்துக்கு 1100 என்ற எண்ணில் தெரிவிக்கலாம். மனுவைத் தருவதைவிட முக்கியமானது, மனு எண் உள்ள ரசீதை வாங்கிக்கொள்வது. ரசீது இல்லாத மனு அடுத்த படிக்கு உதவாது.

தகவல் பெறும் உரிமை

புதிய குடிமகனின் கையில் உள்ள கருவிகளில் கூர்மையானது 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ள தகவல் பெறும் உரிமைச் சட்டம். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லியாக வேண்டும், ஏனெனில் சட்டம் எளிது, கேட்கும் முறையில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறோம்.

என் முதல் விண்ணப்பத்தில் நான் கேட்டது இது: "எங்கள் ஊர்ப் பள்ளி முன்பு கழிவுநீர்க் கால்வாய்ப் பணி ஏன் இன்னும் முடிக்கப்படவில்லை? இதற்கு யார் பொறுப்பு?" இருபத்தெட்டாவது நாள் இரண்டே வரியில் பதில் வந்தது. கோரப்பட்டது சட்டத்தின் பிரிவு 2(எஃப்) கூறும் தகவல் என்ற வரையறைக்குள் வரவில்லை என்பது அதன் சாரம். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் சட்டப்படி அந்த அலுவலர் சொன்னது சரி. ஏற்கெனவே ஆவணமாக இருப்பதைத்தான் அலுவலகம் தர வேண்டும். "ஏன்" என்பதற்கு விளக்கம் எழுதித் தரும் கடமை அவருக்கு இல்லை.

அதே விஷயத்தை இரண்டாம் முறை இப்படிக் கேட்டேன்: இன்ன ஊராட்சியில், இன்ன தெருவில், இன்ன நாளிலிருந்து இன்ன நாள் வரை மேற்கொள்ளப்பட்ட கழிவுநீர்க் கால்வாய்ப் பணிகளின் பெயர், திட்டத்தின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்ததாரரின் பெயர், பணி ஆணை வழங்கிய நாள், இதுவரை வழங்கிய தொகை, மதிப்பீட்டின் நகல், பணி ஆணையின் நகல், அளவீட்டுப் புத்தகத்தில் அந்தப் பணிக்குரிய பக்கங்களின் நகல், இன்ன எண்ணுள்ள என் மனுமீது எடுக்கப்பட்ட நடவடிக்கை தொடர்பான கோப்புக் குறிப்புகளின் நகல். "ஏன்" என்ற சொல்லே இல்லை. ஆனால் வந்த பதினொரு பக்கங்களில் ஏன் என்பதற்கான விடை இருந்தது.

பொறியாளர்கள் எம்-புக் என்று சொல்லும் அளவீட்டுப் புத்தகத்தைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். செய்து முடித்த வேலையை அளந்து, நீளம், அகலம், ஆழம் என்று எழுதி, அதன்படி ஒப்பந்ததாரருக்கான பில் தொகை கணக்கிடப்படும் புத்தகம் அது. நகலைப் பெற்றதும் ஓர் அளவு நாடாவோடு அந்த இடத்துக்குச் சென்று அளந்து பாருங்கள். எனக்குக் கிடைத்த பக்கத்தில் கால்வாயின் நீளம் 84 மீட்டர் என்று இருந்தது. தரையில் பள்ளிச் சுவரின் மூலை வரை வந்து 61 மீட்டரில் நின்றுவிட்டது. நீர் தேங்குவது சரியாக அந்த மூலையில்தான். பிரிவு 2(ஜே) பணிகளையும் ஆவணங்களையும் நேரில் பார்வையிடவும், பொருட்களின் மாதிரி எடுக்கவும்கூட உரிமை தருகிறது என்பதைப் பலர் அறிவதில்லை.

இனி நடைமுறை விவரங்கள். விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாம், தனிப் படிவம் தேவையில்லை. பொதுத் தகவல் அலுவலருக்கு என்று முகவரியிட வேண்டும். கட்டணம் 10 ரூபாய். தமிழக அரசு அலுவலகங்களுக்கு நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டலாம், ஒன்றிய அரசு அலுவலகங்களுக்கு இந்திய அஞ்சல் ஆணை எடுக்கலாம், இரண்டுக்கும் இணையவழியும் உண்டு. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் சான்றை இணைத்தால் கட்டணமில்லை. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். அஞ்சலில் அனுப்பினால் சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும் முறையில் அனுப்புங்கள். பழைய பதிவு அஞ்சல் 2025இல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், அஞ்சலகத்தில் விரைவு அஞ்சலைப் பதிவுச் சேவையோடு கேட்க வேண்டும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் பாதகமில்லை, பிரிவு 6(3)இன்படி 5 நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்கள் மாற்றி அனுப்ப வேண்டும்.

பதிலுக்கு 30 நாட்கள் அவகாசம். உயிர், சுதந்திரம் தொடர்பானதென்றால் 48 மணி நேரம். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 30 நாட்களுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதன்பின் 90 நாட்களுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. காலக்கெடு கடந்து தரும் தகவலுக்கு நகல் கட்டணம் வாங்கக் கூடாது. தக்க காரணமின்றி மறுத்த அல்லது தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை ஆணையம் அபராதம் விதிக்கலாம். ஆணையத்தில் விசாரணைக்கு வர நீண்ட காலம் ஆகிறது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. அதனால்தான் முதல் விண்ணப்பத்தையே சரியாக எழுதுவதில் இவ்வளவு அக்கறை காட்டச் சொல்கிறேன்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. எதற்காகத் தகவல் கேட்கிறீர்கள் என்று எவரும் கேட்கக் கூடாது என்று பிரிவு 6(2) சொன்னாலும், ஒப்பந்ததாரருக்குச் சேதி எட்டுவது சட்டத்தைக் கேட்டு நடப்பதில்லை. பணம் அதிகம் புழங்கும் விஷயமென்றால் தனியாளாகக் கேட்காதீர்கள். ஊரில் நான்கைந்து பேர் ஆளுக்கொரு விண்ணப்பமாக ஒரே வாரத்தில் அனுப்புங்கள். வீட்டு முகவரிக்குப் பதில் அஞ்சல் பெட்டி எண்ணைத் தருவதே போதுமானது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013இல் ஒரு வழக்கில் கூறியிருக்கிறது.

கிராம சபையில்

ஆவணங்கள் கையில் வந்தபின் செல்ல வேண்டிய இடம் கிராம சபை. அரசமைப்பின் 73ஆவது திருத்தம் இதற்கு அடிப்படை தந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் இதன் உறுப்பினர். யாரும் உங்களை அழைக்கத் தேவையில்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்து இப்போது ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊராட்சிகளில் 2025 ஜனவரியில் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் நிர்வகித்த காலத்திலும் கிராம சபைகள் கூட்டப்பட்டன. தலைவர் இல்லை என்பது கூட்டம் நடத்தாமலிருக்கக் காரணமாகாது. நகரங்களில் இதற்கு இணையாகப் பகுதி சபைகளும் வார்டு குழுக்களும் உள்ளன, என்றாலும் அவற்றில் கிராம சபையின் அழுத்தம் இன்னும் வரவில்லை என்பது என் கணிப்பு.

இந்த இடத்தில் உத்திரமேரூர்க் கல்வெட்டையும் குடவோலையையும் நினைவூட்டாத மேடைப் பேச்சாளர் இல்லை. பத்தாம் நூற்றாண்டின் அந்தக் கல்வெட்டு, சொந்த மனையும் வரி கட்டும் நிலமும் உள்ள, 35 முதல் 70 வயது வரையிலான சிலருக்கே இடம் தந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பேச்சாளர்கள் தாண்டிச் செல்லும் ஒரு விதி எனக்குப் பிடித்தமானது. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் மறுபடி அந்தப் பொறுப்புக்கு வர முடியாது.

நான் முதன்முதலில் கலந்துகொண்ட கிராம சபையில் குடிநீர், சாலை, நூலகம், கால்வாய், மதுக்கடை என்று ஐந்து விஷயங்களை ஒரே மூச்சில் பேசினேன். கைதட்டினார்கள். மூன்று வாரம் கழித்துத் தீர்மானப் புத்தகத்தின் நகலைப் பார்த்தபோது நான் பேசியதில் ஒரு வரிகூட அதில் இல்லை. பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை, எழுத்தில் ஏறுவதற்கே மதிப்பு என்று அன்று விளங்கிற்று. அடுத்த கூட்டத்துக்கு நான்கு பேராகச் சென்றோம். கூட்டத்துக்கு முன்பே, "பள்ளி முன்பு 84 மீட்டர் நீளத்துக்குத் தொகை வழங்கப்பட்ட கால்வாய் 61 மீட்டரில் நிற்பதால், மீதிப் பணியை முடிக்கவும், அளவீட்டை மறு ஆய்வு செய்யவும் வட்டார வளர்ச்சி அலுவலரை இச்சபை கோருகிறது" என்று தீர்மான வாசகத்தையே எழுதித் தேதியிட்டுக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொண்டோம். கூட்டத்தில் அதை மட்டும் பேசினோம். ஊராட்சிச் செயலர் எழுதியதும் வாசித்துக் காட்டச் சொல்லி, மீட்டர் கணக்கு விடுபட்டிருந்ததைச் சேர்க்கச் செய்தபின்தான் கையெழுத்திட்டோம்.

புதியவர்கள் கவனிக்க வேண்டியவை இன்னும் சில உண்டு. மக்கள்தொகைக்கு ஏற்பக் குறைந்தபட்ச வருகை 50இலிருந்து 300 பேர் வரை தேவை. அது இல்லாவிட்டால் கூட்டம் செல்லாது. வெற்றுத் தாளிலோ, தீர்மானங்கள் எழுதப்படும் முன்போ கையெழுத்து வாங்கினால் மறுத்துவிடுங்கள். ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள், "இதர செலவு" என்ற வரியில் நிறுத்தி விவரம் கேளுங்கள். கூட்டத்தைக் கண்காணிக்க அரசு அனுப்பிய அலுவலரான பற்றாளர் அங்கே இருப்பார்; சச்சரவு எழுந்தால் அவரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். உங்கள் கோரிக்கை சாதியாகவோ தெருவாகவோ பிரிந்து நிற்கும் ஊரில் ஒரு தரப்பின் கோரிக்கையாகப் பார்க்கப்படும் ஆபத்து எப்போதும் உள்ளது. எங்கள் நால்வரில் இருவர் ஊருக்கு வெளியே உள்ள குடியிருப்பைச் சேர்ந்தவர்கள், ஒருவர் அந்தப் பள்ளியில் பிள்ளை படிக்கும் தாய். அப்படிச் சேர்ந்து செல்ல முயன்றது தற்செயல் அல்ல. அந்தத் தாய் பேசியபோது எழுந்த அமைதி நான் பேசியபோது எழவில்லை.

கட்சி, சங்கம், போராட்டம்

ஒரு பிரச்சினையை இவ்வளவு தூரம் பின்தொடர்ந்தவர், தனியாளால் செய்ய முடிவதன் எல்லையையும் உணர்ந்திருப்பார். விவசாயிகள் சங்கம், மகளிர் சுய உதவிக் குழு, குடியிருப்போர் நலச் சங்கம், தொழிற்சங்கம் ஆகியவற்றில் ஒன்றில் சேர்ந்திருப்பது, கூட்டத்தில் பேசவும் கணக்கு எழுதவும் முரண்படவும் பழக்கும். கட்சியில் சேர விரும்பினால் தாராளமாகச் சேருங்கள். அரசியலில் கட்சி வேண்டாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சேரும் முன் அக்கட்சி சென்ற தேர்தலில் தந்த அறிக்கையையும், சட்டமன்றத்தில் அது எடுத்த நிலைப்பாடுகளையும் பார்த்துவிட்டு, உங்கள் பகுதிக் கிளைக் கூட்டத்துக்கு இரண்டு முறை சென்று உட்கார்ந்து பாருங்கள். தலைவரின் பேச்சைவிடக் கிளைக் கூட்டம் கட்சியைக் காட்டிக்கொடுத்துவிடும். அரசு ஊழியர்கள் நடத்தை விதிகளின்படி கட்சிகளில் சேர முடியாது.

அமைதியாக, ஆயுதமின்றிக் கூடுவது அரசமைப்பின் 19ஆவது பிரிவு தரும் உரிமை. நடைமுறையில் காவல் துறையிடம் நாள், இடம், நேரம், எதிர்பார்க்கும் எண்ணிக்கை ஆகியவற்றோடு முன்கூட்டியே அனுமதி கோர வேண்டியிருக்கும். மறுத்தால் வாய்மொழியாக ஏற்காமல் எழுத்தில் உத்தரவு கேளுங்கள். அதை வைத்துத்தான் உயர் நீதிமன்றத்தை அணுக முடியும். கைது செய்யப்படுபவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது 22ஆவது பிரிவு. அரசு வேலைக்கு முயல்பவர்கள், வழக்குப் பதிவானால் காவல் துறைச் சரிபார்ப்பில் அது தடையாகலாம் என்பதை அறிந்தே முடிவெடுக்க வேண்டும். இதைச் சொல்லாமல் இளைஞர்களை முன்வரிசைக்கு அழைப்பவர்களை நான் நம்புவதில்லை.

கடைசியாக, போட்டியிடுவது. சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் 25 வயது நிறைந்திருக்க வேண்டும். உள்ளாட்சிக்கு 21 போதும். தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர், ஊராட்சி வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பவை, இடங்களில் பாதி பெண்களுக்கானவை. சில நூறு வாக்காளர்கள் உள்ள ஒரு வார்டில் வீடு வீடாக நடந்தே முடித்துவிடலாம். எங்கள் நால்வரில் அந்தத் தாய் அடுத்த முறை நிற்பதாக இருக்கிறார். வேட்புமனுப் படிவத்தை முன்கூட்டியே வாங்கிவந்து நிரப்பிப் பார்த்தோம். தொடக்கத்திலேயே கேட்டிருந்தது வாக்காளர் பட்டியலின் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும்.